ஃபோனில் இருக்கும் அம்மா

கூப்பிட்டால்தான் போக வேண்டும். ஆவுடை மிஸ் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கேட்டுக்குள் நுழைந்ததும் வந்திருந்த அம்மாமாரை எல்லாம் வாதாமரத்தடியில் நிறுத்தி, "வெள்ளிக்கிழமை நம்ம பிள்ளைங்களுக்கு வகுப்பு உள்ள கிடையாது, வெளியதான். மண்ணு, தண்ணி, இலை, குச்சி எல்லாந்தான் பாடம். நீங்க பக்கத்துல இருந்து பாக்கலாம். ஆனா அதைத் தொடாத, இதை இப்படிச் செய்யின்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாது. பிள்ளையா வந்து விளையாடக் கூப்பிட்டா போங்க. கூப்பிடலன்னா இந்த மரத்தோட மரமா இருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களுக்கு அது சிரிப்புத்தான், மிஸ் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய பிள்ளைகள் ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒருத்தி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருக்கிறாள், ஒருத்தி மகனோடு சேர்ந்து விழுந்துகிடக்கும் இலைகளைப் பெரியது சிறியது என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் பாதி புதைத்து வைத்த லாரி டயர் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். டயரின் சூடு சுடிதாரைத் தாண்டி ஏறுகிறது. தூத்துக்குடி வெயிலுக்குக் காலை என்ன, மத்தியானம் என்ன. அக்ஸா மண்குழியில் இருக்கிறாள். என் மகள். இப்படி ஒருதடவை மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு வயது முடிந்துவிட்டது. பச்சைக் கட்டம் போட்ட சீருடையோடு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேரிக்காட்டு மணல்மேட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டிய சிவப்பு மண்ணைச் சிரட்டையால் அள்ளி அள்ளி எங்கோ வைக்கிறாள். முதுகுப் பட்டனில் ஒன்று மாறிப்போய்ப் பக்கத்து ஓட்டையில் இருக்கிறது. காலையில் நான் போட்டுவிட்டது. போடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும், என் வீட்டுக்காரரின் அக்கா ரூபி மதினி போட்டிருந்தால் "ரூபிம்மா, தப்பாப் போட்டுட்டீங்க" என்று சொல்லியிருப்பாள், என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் எதுவும் தப்பென்று அவள் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யாராவது தப்புச் சொல்வார்களா.

அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "குட்மார்னிங் மிஸ்" என்பதை எப்படிச் சொல்வாளோ அதே நேரான குரலில் "அம்மா, சாப்பிட வாங்க" என்பாள். மஸ்கட்டிலிருந்து நான் வந்திறங்கிய அன்றைக்கு வாசலில் ரூபி மதினியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா வந்துட்டாங்க பாரு, போ மக்கா, போ" என்று மதினி முன்னால் தள்ளிவிட்டதும், நடந்து வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என் வீட்டுக்காரர் செல்வின் சிரித்துவிட்டார். "பெரிய மனுஷி" என்றார். நானும் சிரித்தபடி குனிந்து தூக்கினேன், தூக்கியதும் அவள் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகி, இரண்டு கைகளையும் என் தோளில் படாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இறக்கிவிடும் வரைக்கும் பொறுமையாக இருந்தது. ஊசி போடும்போது நல்ல பிள்ளைகள் இருப்பார்களே, அப்படி. நான் நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் வார்டில் எனக்கு அந்தப் பொறுமை நன்றாகத் தெரியும். முடியும் வரைக்கும் கண்ணை எங்காவது நட்டுக்கொண்டு கிடப்பார்கள். அவள் அப்போது என் தோளுக்கு மேலே சுவரில் இருந்த ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தடவை இப்படி இல்லை. போன தடவை என்பதை நினைக்கக் கூடாது என்று வரும்போதே நினைத்திருந்தேன், இந்த டயரில் உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் நினைக்கிறேன். அவள் எழுந்து நிற்கப் பழகிய வயதில் நான் போனேன், இரண்டரை வயதில் திரும்ப வந்து பார்த்தேன். வந்த அன்றைக்கு அழுதாள், மறுநாள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், அதற்கடுத்த நாளிலிருந்து இறங்கவே இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து விரலைக் கதவுக்கு அடியில் விட்டுக்கொண்டிருப்பாள், நான் உள்ளேயிருந்து அந்த விரலைத் தொட வேண்டும், அப்போதுதான் சும்மா இருப்பாள். லீவு முடிந்து நான் கிளம்பிய அன்றைக்குத் தூங்கவைத்துவிட்டுப் போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியே போனேன். எழுந்ததும் வீடு முழுக்கத் தேடினாளாம், குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து விரலை அடியில் விட்டாளாம். எவ்வளவு நேரம் அப்படியே விட்டுக்கொண்டிருந்தாள் என்று ரூபி மதினி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, பிறகு காய்ச்சல் வந்ததை மட்டும் சொன்னார். அந்தப் பாதியைத்தான் நான் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். மெஷின்களுக்கு நடுவில் நடக்கும்போது, பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது, அந்தக் கதவும் அந்தச் சந்தும் அந்த விரலும். இப்போது குளியலறையை விட்டு நான் வெளியே வந்தால் வாசலில் யாரும் இல்லை. மிதியடி மட்டும் கிடக்கிறது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பையன் பெரிய பாட்டிலில் இருந்து சின்னத் தம்ளருக்கு ஊற்றுகிறான், வழிகிறது, மறுபடி ஊற்றுகிறான், மறுபடி வழிகிறது. அவன் அம்மா வாயைத் திறக்கப்போய் ஆவுடை மிஸ்ஸைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள். மிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவன் பாட்டிலைத் தானாகவே சரித்துப் பாதியில் நிறுத்துகிறான், தம்ளரைக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கிறான், நிமிர்ந்து யாரையோ தேடுகிறான். அப்போதுதான் மிஸ், "தண்ணி நின்னுட்டு, பாத்தியா?" என்கிறார். "நின்னுட்டு" என்கிறான் அவன், தானே கடலை நிறுத்தியவன் மாதிரி. எனக்குத் தொழில் புத்தி, உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று மனசு கணக்குப் போடப் பார்க்கிறது. ஒரு மனிதருக்குள் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதைக் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்தப் பிள்ளைக்குள் என்ன தேங்கியிருக்கிறது என்று எங்கே அமுக்கிப் பார்ப்பது. சாலி சேச்சியிடமிருந்து நேற்றே வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. சாலி சேச்சி எங்கள் வார்டுக்குப் பொறுப்பு, கோட்டயத்துக்காரர், என்னிடம் பேச வேண்டும் என்பதற்காகவே தமிழ் படித்துக்கொண்டவர். "ஹெப்சி மோளே, நீ இன்னும் ரெண்டு வருஷம் இருப்பியா, இல்ல வரமாட்டியா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு வார்த்த சொல்லு, வேற ஆளு பாக்கணும்." நாளை என்பது இன்றைக்கு. செல்வினிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். உப்பளத்து லாரி ஓட்டிவிட்டு வந்து, கண்ணில் உப்பு எரிய எரிய முகம் கழுவிக்கொண்டே, அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் இஷ்டம் என்கிற வார்த்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் திரும்பிப் படுத்துக்கொண்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ரூபி மதினி, "நீ எங்க இருந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதுவும் அன்புதான். எல்லோரும் அன்பாகவே இருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் அம்மாமார் வரவேண்டிய நாள் என்றதும் மதினி, "எனக்கு முட்டி வலிக்கி, நீயே போ" என்றார். அந்த முட்டியோடுதான் விடிகாலையில் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட ஏறியிருந்தார். இறங்கும்போது எதிரில் நின்ற என்னைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர், என் பிள்ளையை வளர்த்துக் கொடுக்கிறார், வளர்த்து, கொடுக்கிறார், இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் அவர் நிற்கிறார்.

மண்குழியில் வீடு கட்டுகிறார்கள். அக்ஸாவோடு பவின் என்று ஒரு பையனும் தஸ்னீம் என்று ஒரு பெண்ணும். கோடு கிழித்து அறை பிரித்திருக்கிறார்கள், வாதா இலைகளைத் தட்டு மாதிரி வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றிலும் மண் பரிமாறுகிறாள் தஸ்னீம். "எல்லாருக்கும் சமமா வை" என்கிறான் பவின். "அப்பாக்கு மட்டும் கூட" என்கிறாள் அவள். "ஏன் கூட?" "ஏன்னா அவங்க வாய் பெருசு." பவின் யோசித்துவிட்டு ஒத்துக்கொள்கிறான். எனக்குச் சிரிப்பு வருகிறது, சத்தம் வராமல் அடக்கிக்கொள்கிறேன். அக்ஸா சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகு சிரித்த மாதிரி லேசாகக் குலுங்கியது. அவள் சிரிப்பு எனக்கு ஃபோனில்தான் தெரியும். ஃபோனில் சிரித்தால் திரை முழுக்கப் பல்லாக இருக்கும், கேமராவை வாய்க்குள்ளேயே விட்டுவிடுவாள். ஒவ்வொரு நாளும் ட்யூட்டி முடிந்து, ஹாஸ்டல் மாடிப்படியில் சிக்னல் நன்றாக வரும் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து அவளைக் கூப்பிடுவேன். ஒட்டகக் கதை சொல்வேன். படுத்தால் எழும்பாத ஒரு சோம்பேறி ஒட்டகம், அதை எழுப்ப ஊரே சேர்ந்து என்னவெல்லாமோ செய்யும், ஒட்டகம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் கதை, மாசக்கணக்காக அது எழும்பவே இல்லை. நாளைக்கு எழும்புமா என்று கேட்டுவிட்டு வைப்பாள். இந்த முறை வந்த முதல் ராத்திரி, பக்கத்தில் படுக்கவைத்து, அதே குரலில், "ஒரு ஊர்ல ஒரு ஒட்டகம் படுத்திருந்துச்சாம்" என்று ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது ஃபோன்ல உள்ள கதை" என்றாள். எழுந்து போய் ரூபி மதினியின் பாயில் படுத்துக்கொண்டாள். நான் இருட்டில் என் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்குள் யார் இருந்தாள்?

"யாரு அம்மா?" என்று பவின் கேட்கிறான். தஸ்னீம் உடனே, "நான் பாப்பா" என்கிறாள். "அப்ப அக்ஸா அம்மா." என் காது அப்படியே நீண்டு மண்குழிக்குள் போகிறது. எங்கேயோ ஒரு தம்ளர் விழுந்து உருள்கிறது, அந்தச் சத்தம் ஓயட்டும், ஓயட்டும். அக்ஸா கையிலிருந்த சிரட்டையைக் கவிழ்த்து, தட்டி, எடுத்து, மண் சரியாக உருண்டையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, "நான் ரூபிம்மா" என்றாள். "அப்ப அம்மா யாரு?" "அம்மா ஃபோன்ல இருக்காங்க" என்றாள் அவள், இதைக் கூடவா சொல்லித்தர வேண்டும் என்கிற மாதிரி. பவினுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் வீட்டிலும் யாரோ ஃபோனில் இருக்கலாம். இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ஃபோனில்தான் இருக்கிறார்கள். நான் டயரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் இங்கே இருக்கிறேன் அக்ஸா, திரும்பிப் பாரேன், உனக்குப் பின்னால், ஒரு பாய் நீளத்துக்கு அப்பால், மரத்தோடு மரமாக இருக்கிறேன், கூப்பிடு, பாப்பாவாகக் கூட வருகிறேன், இலையில் மண் வை, தின்கிறேன். ஆவுடை மிஸ் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். எழும்பாதீங்க என்கிறாரா, பொறுங்க என்கிறாரா. நான் எழும்பவில்லை.

பாப்பாவாகிய தஸ்னீம் சீக்கிரமே போரடித்துப்போய்த் தண்ணீருக்கு ஓடிவிட்டாள், பவினும் பின்னாலேயே போனான். அக்ஸா தனியாக இலைகளை அடுக்கிக் கழுவுகிற மாதிரி பாவனை செய்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிற மாதிரி வயிற்றில் துடைத்தாள். அது அப்படியே மதினி. பிறகு மண்ணைக் கிளறித் தட்டையான ஒரு கல்லை எடுத்து, ஊதி, கட்டை விரலால் நாலைந்து இடத்தில் அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்கிற மாதிரி ஒன்றுமில்லாத காற்றில் கொஞ்சம் சாய்ந்தாள். "ஹலோ அம்மாவா?" என்றாள். அந்தக் குரல். கடவுளே, அந்தக் குரல்தான். மாடிப்படித் திருப்பத்தில் நான் கேட்கிற குரல், நுனியில் ஏறிக் குழைந்து, மூக்குக்குள் கொஞ்சம் போய்வருகிற குரல், வந்த நாளிலிருந்து வீடு முழுக்க நான் தேடிக்கொண்டிருந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், குளிக்கும்போது, சட்டை மாட்டும்போது, எப்போதாவது வாய் தவறியாவது வந்துவிடாதா என்று காத்திருந்தது, இதோ ஒரு கல்லிடம் இவ்வளவு தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. "சாப்டீங்களா? நான் சாப்டேன். இட்லி. ஒட்டகம் எழும்பிட்டா?" அவள் நிறுத்தினாள். பதிலுக்காக. பிள்ளைகள் விளையாட்டில் விடுகிற அந்தச் சின்ன இடைவெளி, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பேசட்டும் என்று விடுகிற இடம். எனக்கு அந்தக் கல்லின் மேல் பொறாமை வந்தது என்றால் யார் நம்புவார்கள். கல்லின் மேல் இல்லை, கல்லுக்குள் இருந்தவள் மேல். அவள் ஒருநாளும் பட்டனை மாற்றிப் போட்டதில்லை. தலை வாரும்போது இழுத்ததில்லை. தூங்கவைத்துவிட்டு ஓடிப்போனதில்லை, வைக்கட்டுமா மக்கா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். என்னைவிட நல்ல அம்மா.

என் கை தானாக மண்ணுக்குப் போனது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. டயருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். இது கூப்பிட்டதாகுமா, ஆகாதா? ஃபோனில் கூப்பிட்டாள் அல்லவா. "எங்க எழும்பிச்சு" என்றேன், மாடிப்படிக் குரலில். "ஒரு கண்ணத் தெறந்து பாத்துச்சு. திரும்பப் படுத்துட்டு."

பின்னால் சத்தமே இல்லை. போச்சு, கெடுத்துவிட்டேன், எழுந்து போய்விட்டாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நான் இந்த அம்மாவாகிவிடுவேன்.

"எந்தக் கண்ண?" என்று கேட்டது அந்தக் குரல்.

"இடது கண்ண."

"நேத்தும் அதானே தெறந்துச்சு."

"சோம்பேறில்லா. வலது கண்ணத் தெறக்கவும் மடி அதுக்கு."

சிரித்தாள். திரை முழுக்கப் பல்லாக இருக்கும் சிரிப்பு, திரை இல்லாமல், என் முதுகுக்குப் பின்னால், இந்த ஊரின் காற்றில். நான் ஓட்டுத் துண்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன், வலிக்கிற அளவுக்கு. அவள் பேசிக்கொண்டே போனாள். பவின் வீட்டில் ஆமை வாங்கியிருப்பதை, தண்ணீரில் இலை மிதக்கும், கல் மிதக்காது, ஆனால் பெரிய இலையில் குட்டிக் கல்லை வைத்தால் கல்லும் மிதக்கும் என்று தானே கண்டுபிடித்ததை, அதை மிஸ் எல்லோரிடமும் காட்டியதை. எத்தனை சொல்கிறாள். வந்ததிலிருந்து ஸ்கூலில் என்ன செய்தாய் என்று தினமும் கேட்டேன், தினமும் "விளையாண்டேன்" என்று ஒரே வார்த்தை.

"அப்புறம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றாள்.

"எந்த அம்மா?"

"ஃப்ளைட்ல வந்தாங்க. வீட்லதான் இருக்காங்க."

"எப்படி இருக்காங்க?"

"நல்ல அம்மாதான். சாக்லேட் கொண்டாந்தாங்க. ராத்திரி அழுவாங்க. ரூபிம்மா கண்டுக்காத மாதிரி இருன்னு சொல்லிருக்காங்க."

"உனக்கு அவங்களப் பிடிச்சிருக்கா மக்கா?"

வாதாமரத்தில் ஒரு அணில் கத்தி ஓய்ந்தது, எங்கோ மிஸ் யாரிடமோ மெல்ல மெல்ல என்றார். கேட்டிருக்கக் கூடாது, இதுவரைக்கும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வைத்திருக்க வேண்டும், எனக்குப் பேராசை, எப்போதும் கடைசியில் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டுக் கெடுத்துக்கொள்வேன். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அவங்க போயிருவாங்கல்லா" என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை. நாளைக்குச் சனிக்கிழமை என்று சொல்கிற மாதிரி.

அதனால்தானா. அந்த மரக்கட்டை உடம்பு, கைகுலுக்கல், ட்யூப்லைட்டைப் பார்த்த கண், எல்லாம் அதனால்தானா. என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை. கதவுக்கு அடியில் விட்ட விரலை இந்தத் தடவை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நாலு வயதில் ஒரு பிள்ளை இவ்வளவையும் தனியாக யோசித்திருக்கிறது, இந்த மண்ணில் சிரட்டை கவிழ்த்துக்கொண்டே யோசித்திருக்கும், இலையும் கல்லும் மிதக்கவிட்டுக்கொண்டே.

"போகலன்னா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, மாடிப்படிக் குரல் இல்லை இது, கண்டுபிடித்துவிடுவாள்.

பின்னால் சிரட்டை மண்ணைச் சுரண்டுவது கேட்டது.

"போகலன்னா ஃபோன்ல யாரு வருவா?"

மிஸ் கைமணியை ஆட்டினார். கை கழுவும் நேரம். எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் குழாயைப் பார்த்து ஓடினார்கள். திரும்பியபோது அக்ஸா கல்லை மண்ணில் வைத்துவிட்டு, பை சொல்லாமல், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள், மாற்றிப் போட்ட பட்டன் முதுகில் இழுத்துக்கொண்டு. ஆவுடை மிஸ் என் பக்கமாக வந்தார். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, விழுந்துகிடந்த சிரட்டைகளைப் பொறுக்கினார். "மிஸ், நான் விதிய மீறிட்டேனோ" என்றேன். "யாரு முதல்ல டயல் பண்ணா?" என்றார். "அவதான்." "பொறவு என்ன?" என்று சொல்லிவிட்டுச் சிரட்டைகளோடு போய்விட்டார்.

பையிலிருந்து ஃபோனை எடுத்தேன், நிஜ ஃபோனை. மஸ்கட்டில் இப்போது வார்டில் முதல் ஷிஃப்ட் நோயாளிகளை மெஷினில் ஏற்றி முடித்திருப்பார்கள். சாலி சேச்சி கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு வாய் டீ குடிக்கிற நேரம். அந்த வார்டும் எனக்குப் பிடிக்கும். மெஷின்களின் அந்தச் சீரான சத்தம், ஹமீது தாத்தா என்று நான் கூப்பிடும் அந்த ஓமன்காரர் என் கையைத் தவிர வேறு யார் கையாலும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார், இனி யார் போடுவார்கள், பழகிக்கொள்வார், எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள், பழகிக்கொள்வதுதான் பயமாக இருக்கிறது. நான் இருந்துவிட்டால் மட்டும் அவள் கூப்பிடுவாளா? கூப்பிடாமலே போனால்? மதினி எங்கே போவார், அந்தப் பாய் யாருடையது? ஒன்றுக்கும் பதில் தெரியாமலேயே சேச்சிக்கு அடித்தேன். "சேச்சி, நான் வரல" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "நல்லா யோசிச்சியா மோளே?" என்றார். "இல்ல சேச்சி" என்றேன். "யோசிச்சா வந்துருவேன்." அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் மகன் கோட்டயத்தில் காலேஜ் படிக்கிறான். "சரி. வை" என்றார்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால் அக்ஸா எதிரில் நிற்கிறாள். இரண்டு கைகளிலும் தண்ணீர் சொட்டுகிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"யார்ட்ட பேசுனீங்க?" அந்த நேரான குரல், விருந்தாளிக் குரல்.

"நான் வேல பாத்த எடத்துல."

"எப்ப போறீங்க?"

"போகல. இங்கதான் இருக்கப் போறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. நான் அதை எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், தொட்டிப் பக்கத்துப் பையன் தம்ளரில் நின்ற தண்ணீரைப் பார்த்த மாதிரி, நிற்குமா வழியுமா என்று. துப்பட்டாவை நீட்டினேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு, மண்குழியில் தான் வைத்துவிட்டுப் போன கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்த அம்மாட்ட யாரு சொல்லுவா?"

"எந்த அம்மாட்ட?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஃபோன் அம்மாட்ட. இனிமே வராண்டாம்னு."

"நீ சொல்லுதியா?"

அவள் தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினாள். கீழுதடு மடிந்து உள்ளே போனது. போய்க் கல்லை எடுத்துவந்து, என்னிடம் கொடுத்தாள். ஈரக் கையில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது.

"நீங்களே சொல்லிருங்க" என்றாள். "நான் சொன்னா அழுதிருவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள், பார்க்காமல் இருப்பதற்காக. திரும்பி, ஒரு எட்டுப் பின்னால் வைத்து, என் முழங்கால்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் கனம் முழுவதும் இல்லை, கொஞ்சம்தான். நான் கல்லைக் காதில் வைத்துக்கொண்டேன். வெயில் பட்டு அது சூடாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது என் முட்டியில் தெரிந்தது.

"ஹலோ" என்றேன்.